சல்லடையில் தவிடு நிற்க வேண்டும்

1. வழிமறித்த கேள்வி

பிரட் டிரேக்களை இறக்கிவிட்டு வேனில் ஏறப் போனேன். கேண்டீன் வாசலில் ஒருவர் வழியை மறித்து நின்றார். கையில் எங்கள் பிரட் துண்டு. அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது கோதுமையா?"

"ஆமாங்கண்ணா. முழு கோதுமை."

"அப்புறம் ஏன் வெள்ளையா கீது?"

"வெள்ளை இல்லண்ணா, கோதுமை கலரே இதான். கடையில கருப்பா விக்கறதுலதான் கலர் ஊத்தறாங்க."

"ஓஹோ. ஊரே திருடன், நீ மட்டும் யோக்கியன்."

அவர் பெயர் முனிராஜ். அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். அந்தக் கேண்டீன் இருக்கிற ஓசூர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். போன மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை அதிகம் என்று வந்திருக்கிறது. அடுத்த செக்கப்பிலும் இப்படியே இருந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பூரி, போண்டா, டீயில் சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காலையில் எங்கள் பிரட்டை மட்டும் சாப்பிடுகிறார். சர்க்கரை இறங்கவில்லை.

"எல்லாத்தையும் விட்டுட்டேன். மிச்சம் இருக்கறது உன் பிரட் ஒண்ணுதான்" என்றார். போலீஸ்காரர் குற்றவாளியைச் சுற்றி வளைத்த மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

2. பாக்கெட்டின் பின்பக்கம்

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு இந்த பேக்கரி யூனிட்டில் குவாலிட்டி பார்க்கச் சேர்ந்தவன். அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் கல் உடைக்கிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மாத்திரை அட்டை, விதைப் பாக்கெட், ரேஷன் கடைப் பலகை, எதுவானாலும் "திருப்பதி, இதுல என்ன போட்டிருக்குது பாரு" என்று என்னிடம் நீட்டுவார்கள். நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் வீட்டில் பேச்சே கிடையாது.

முனிராஜ் புகார் சொன்னதால், கேண்டீன் கமிட்டி எங்கள் பிரட்டை நிறுத்திவிட்டு வேறொரு கம்பெனியின் பிரவுன் பிரட்டை வாங்கப் போகிறது என்று செய்தி வந்தது. எங்கள் யூனிட்டுக்குப் பெரிய ஆர்டரே அந்தக் கேண்டீன்தான். முதலாளி விஜயா மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் தெலுங்குக்காரர்.

"கொஞ்சம் கேரமல் கலர் ஊத்தினா முடிஞ்சு போச்சு. எல்லாரும் ஊத்தறாங்க. லேபிள்ல போட்டுடு, அப்புறம் தப்பேமி?"

"வேணாம் மேடம். கமிட்டி முன்னாடி நான் நிரூபிச்சுக் காட்டறேன்."

எனக்கு முனிராஜ் மேல் சந்தேகம். அந்தக் கம்பெனிக்காரனுக்கு வேண்டிய ஆளோ? இல்லை, யாருக்கும் தெரியாமல் போண்டா தின்றுவிட்டுப் பழியை நம் மேல் போடுகிறாரோ? கேண்டீனில் பரிமாறும் சாந்தி அக்காவிடம் நைசாகக் கேட்டேன்.

"அந்தாளா? போண்டாவ தூரத்துல நின்னு பாத்துட்டுப் பெருமூச்சு உட்டுட்டுப் போறாரு. நீ வேற!"

சரி, அந்தக் கம்பெனி பிரட்டையே பார்ப்போம் என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். பின்பக்கத்தைப் படித்தேன். எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும். முதலில் இருந்தது மைதா. கோதுமை மாவு அதற்குப் பிறகு. கடைசி வரியில் நிறத்துக்கான எண். முன்பக்கத்தில் மட்டும் கோதுமைக் கதிர் படம். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் மிக்ஸிங் மாஸ்டர் மஞ்சண்ணனிடம் காட்டினேன். அவர் கன்னடக்காரர். "குஷி அப்புறம் படு. மொதல்ல ஆர்டர் நிக்குதா பாரு" என்றார்.

3. கமிட்டி முன்னால்

தையல் பிரிக்காத மாவு மூட்டை ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு நானும் மஞ்சண்ணனும் போனோம். கேண்டீன் மேசையைச் சுற்றிக் கமிட்டி ஆட்கள். முனிராஜ் குனிந்து மூட்டையின் தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"பிரிச்சுத் தெச்சது இல்லையே?"

"நீங்களே பிரிங்கண்ணா."

அவரே பிரித்தார். நான் முதலில் அந்தக் கம்பெனி பாக்கெட்டைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிறகு விளக்கினேன். முழு கோதுமை என்றால் தவிடோடு சேர்த்து அரைத்தது. மெல்லிய சல்லடையில் சலித்தால் தவிடு மேலே நிற்கும். மைதாவில் தவிடு கிடையாது, அப்படியே கீழே இறங்கிவிடும்.

"இப்ப பாருங்க" என்று எங்கள் மாவை அள்ளிப் போட்டுச் சலித்தேன்.

மாவு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. சல்லடையில் மிஞ்சியது மூக்குப்பொடி அளவுதான்.

இன்னொரு கை அள்ளிப் போட்டேன். அதுவும் இறங்கியது. மூட்டையைத் திரும்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் சக்கி ஆட்டா, அதாவது முழு கோதுமை மாவு, என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்துத்தான் மூட்டைகளை உள்ளே எடுக்கச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நாளாக பிரட் நன்றாக எழும்புகிறது, பஞ்சு மாதிரி வருகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. பிசைந்த மாவைப் பொங்க விடுகிற புரூஃபிங் நேரத்தை நான் மாற்றியதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சண்ணன் என் காதருகே வந்தார். "பேடா தம்பி, வேணாம், வாயத் தொறக்காத. மூட்டை மாறிப் போச்சுன்னு சொல்லிட்டுக் கெளம்பலாம்."

சொல்லியிருக்கலாம். நம்பியும் இருப்பார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் சல்லடையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவிடு இல்லண்ணா. இதுல மைதா கலந்திருக்கு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. நீங்க சந்தேகப்பட்டது சரி."

யாரோ சிரித்தார்கள். "ஆடு தானா வந்து தலையக் குடுக்குதுடா" என்றது ஒரு குரல்.

முனிராஜ் சிரிக்கவில்லை. "இப்ப சொன்னதையாவது நம்பலாமா?" என்று கேட்டார்.

4. ஒரு டம்ளர் மாவு

வழக்கமான மாவு மில் ரிப்பேரில் மூடியிருந்ததால் புது வியாபாரியிடம் லோடு எடுத்திருக்கிறார்கள். மேடத்திடம், "உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டே விட்டேன்.

"மூட்டைல ஆட்டான்னு போட்டிருக்கு. படிச்சவன் நீதானே? நன்னே, என்னையே கேக்கறியா?"

அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றே லோடைத் திருப்பி அனுப்பினார். கல்லில் அரைக்கிற மில் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அந்த மாவு தண்ணீரை அதிகம் இழுத்தது. பிரட் குட்டையாக, கனமாக வந்தது. "செங்கல்லு" என்றார் மஞ்சண்ணன்.

அந்தக் கம்பெனி பிரட்டும் மைதாதான், இவனாவது ஒத்துக்கொண்டான் என்று கமிட்டி ஆர்டரை நிறுத்தவில்லை. முனிராஜ் ஒரு நிபந்தனை வைத்தார். பிரட் வரும்போதெல்லாம், அது எந்த மாவில் செய்ததோ அந்த மாவு ஒரு டம்ளர் கூட வர வேண்டும். அவர் சலித்துப் பார்த்த பிறகுதான் டிரே உள்ளே போகும். சல்லடையும் அவர் வீட்டிலிருந்து வரும். கேண்டீன் சல்லடையை அவர் நம்பவில்லை.

நான் அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். முழு கோதுமையும் மாவுச்சத்துதான், ரெண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், கூட முட்டையோ சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று.

"பிரட் விக்கறவனே கம்மியா தின்னுங்கறான். இதுல என்ன சூது இருக்குதோ" என்றார். ஆனால் ரெண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அச்சடித்தவனும் நம்மைப் போல ஓர் ஆள்தான். அடுத்தவன் பாக்கெட்டைப் படித்துக் குற்றம் சொல்வதற்கு முன்னால், உங்கள் மூட்டையில் கையை விடுங்கள்.

முனிராஜின் அடுத்த செக்கப் முடிந்த மறுநாள் பிரட் கொண்டுபோனேன். வாசலில் அவர் இல்லை. சாந்தி அக்காவைத் தேடிப் போய்க் கேட்டேன். அக்கா ஷெட் பக்கம் மேலே கையைக் காட்டினார். கூரைக்கடியில் கிரேன் இரும்புச் சுருளைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கேபினுக்குள் அவர் தலை தெரிந்தது.

டீ நேரத்தில் இறங்கி வந்தார்.

"என்னாச்சுண்ணா?"

"கொஞ்சம் எறங்கியிருக்குதாம். வண்டி ஓட்டு, மறுபடி பாக்கலாம்னு உட்டுட்டாங்க."

"அப்ப நம்ம பிரட்டு…"

அவர் பையிலிருந்து சல்லடையை எடுத்து மேசைமேல் தட்டினார்.

"மாவ எடு" என்றார்.