கைக்கு அடங்காத போன்

எனக்குச் சின்னக் கை. மனைவி இருந்தவரை அவளுக்கு வளையல் வாங்க நான் தனியாகவே கடைக்குப் போவேன். என் கையில் போட்டுப் பார்த்தால் போதும், அவளுக்குச் சரியாக இருக்கும். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அவள் போன பிறகு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் எனக்கு ஒரு போன் அனுப்பினாள். "பெரிய ஸ்கிரீன்ப்பா, என்னை நல்லா பெருசா பாக்கலாம்" என்றாள். பலகை மாதிரி இருந்தது. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினால் காலேஜ் பெண்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதே அளவு போனில் ஒற்றைக் கட்டைவிரலால் கதையே எழுதிவிடுகிறார்கள். என் கட்டைவிரல் பாதித் திரையைத் தாண்டாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வீடியோ காலில் வருவாள். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தால், "அப்பா, ஃபேன்தான் தெரியுது" என்பாள். கையில் பிடித்தால் வேறு வம்பு. நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடிப்பேன். கட்டைவிரலின் அடிச்சதை கீழே இருக்கும் சிவப்புப் பொத்தானில் பட்டு கால் கட்டாகிவிடும். அவளே திரும்பக் கூப்பிடுவாள்.

"உங்க ஏரியால டவரே சரியில்லப்பா."

"ஆமாம்மா, இங்க ரொம்ப மோசம்."

ஆசையாக வாங்கி அனுப்பியதைக் கைக்கு அடங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிறு ஐந்து முறை கட்டானது. ஐந்தாவது முறை அவள் குரலில் சலிப்பு தட்டியது. இப்படியே போனால் கூப்பிடுவதையே விட்டுவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். வாரத்தில் என்னோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

மறுநாளே தாம்பரத்தில் ஒரு போன் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், பெரிய போனை நான் பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க கைக்கு இது ஓவர். யாரு வாங்கிக் குடுத்தது?"

"பொண்ணு."

"அவங்க கை அளவுக்கு வாங்கிட்டாங்க போல."

சின்னப் போனை இப்போது யாரும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டே, உள்ளே தேடி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளங்கையில் அடக்கமாக உட்கார்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பும்போது ரயிலில் தேவையே இல்லாமல் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு மகள் வீடியோ காலில் வந்தாள். போன் மாறியதை நான் சொல்லவில்லை. கால் கட்டாகவில்லை. சாப்பிட்டேனா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டேனா, போட்டேன். அங்கே குளிர், இங்கே வெயில். நாலு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பெல்லாம் கட்டாகிக் கட்டாகி, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பேச்சு வளர்ந்துவிடும். ஒரே காலையில் ஐந்து முறை என்னைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னிக்கு ஒரு தடவைகூட கட் ஆகலப்பா. டவர் சரி பண்ணிட்டாங்க போல. இனிமே இந்த மாதிரி ஒரே தடவைல பேசி முடிச்சிடலாம்" என்றாள், நிம்மதியாக.

"ஆமாம்மா, நல்லதாப் போச்சு" என்றேன்.

அவளே வைத்தாள். மணி பத்துகூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறுவரை அந்தப் போன் அடிக்கவேயில்லை.