படுக்க மறுத்த ராஜா

வேம்பார் பஸ் நிறுத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்லக்கனிக்கு வயது நாற்பத்து மூன்று. சதுரங்கம் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி ஆடுவதை நின்று பார்த்தே படித்தாள். பிறகு அவரையே தோற்கடித்தாள்.

கடைக்காரர்கள் ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நேரமும் பஸ் வரும், ஆள் இறங்கும், வியாபாரத்துக்கு எழுந்து போக வேண்டும். அதனால் முடிவு தெரிந்த ஆட்டத்தை யாரும் இழுப்பதில்லை.

"நாலுல மேட், அண்ணாச்சி" என்பாள் செல்லக்கனி, இன்னும் நாலு நகர்த்தலில் அவர் ராஜா சிக்கிவிடும் என்று.

அண்ணாச்சி பலகையை உற்றுப் பார்ப்பார். "ஏளா, இது கண்ணா, கழுகா?" என்று தோல்வியை ஒப்பி ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு ஆணி நிறுக்கப் போய்விடுவார். செல்லக்கனி சொன்ன மேட் ஒருநாளும் தப்பியதில்லை. செய்தித்தாளில் வரும் புதிர்களுக்கு எதிராளியின் அத்தனை பதில்களையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்க்கிறவள் அவள்.

மாவட்டப் பெண்கள் அணியில் நான்கு இடம். மூன்று வருடமாக ஐந்தாவதாகவே வந்தாள். இந்த முறை தூத்துக்குடியில் கடைசிச் சுற்றை ஜெயித்தால் நான்காம் இடம். சமனானால் மறுபடியும் ஐந்துதான்.

எதிரே சண்முகப்ரியா, கல்லூரி மாணவி. மூன்று மணி நேரத்தில் அவளிடம் மிஞ்சியது ராஜா மட்டும். செல்லக்கனியிடம் ராஜாவும் ராணியும். வேம்பாராக இருந்தால் இந்நேரம் எதிர் ராஜா படுத்து, டீ வந்திருக்கும். அவள் எதிராளியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமல்.

ஆட்டக் கடிகாரத்தில் அவளுக்கு இரண்டு நிமிடமே மிச்சம். இந்த முடிவை ஆயிரம் முறை கண்டிருக்கிறாள், ஒருமுறைகூடக் கையால் முடித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ராணியைக் குதிரைத் தாவல் தூரத்தில் நிறுத்தி ராஜாவை விரட்டினாள். அது ஒரு கட்டம் போனால் ராணியும் ஒரு கட்டம். ராஜா மூலைக்குள் போனது. அதே ஓட்டத்தில் கை ராணியை இன்னொரு கட்டம் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தியது.

சண்முகப்ரியா கையை உயர்த்தினாள். "ஸ்டேல்மேட், சார்."

ராஜாவுக்குச் செக் இல்லை. போக இடமும் இல்லை. ஆட்டம் சமன். ராணியை இருந்த இடத்திலேயே விட்டு, தன் ராஜாவை நடத்தி வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மத்தியானம், ராஜா மட்டும் மிஞ்சியதும் வன்னியபெருமாள் வழக்கம்போல அதைப் படுக்க வைத்தார்.

"எடுத்து நிறுத்துங்க, அண்ணாச்சி."

"எதுக்குளா? நான்தான் தோத்துட்டம்லா."

"ஓடுங்க. நான் பிடிக்கணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, ராஜாவை நிறுத்தினார்.

பஸ் வந்து நின்றது. "அக்கா, கால் கிலோ உளுந்து" என்று யாரோ கேட்டார்கள். செல்லக்கனி திரும்பவில்லை. அண்ணாச்சியின் ராஜா மூலைக்குள் ஒதுங்கியது. அவள் கை ராணியின் மேல் போய் நின்றது, திரும்பியது.

பலகையின் மறுகோடியிலிருந்து தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள்.

"ஏளா, ஆளு நிக்காவ" என்றார் அண்ணாச்சி.

"நிக்கட்டும். ஆடுங்க."