செனைடா வீட்டு வாசல் சோதனை

பதினேழு. இந்த எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். வாராந்தரப் பொட்டலம் என்று நாங்கள் சொல்கிற ஹார்ட் டிஸ்க், சீரியலும் சினிமாவும் பாட்டுமாக, செனைடா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பதினேழு வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நுழைந்து வெளியே வந்திருக்கும். இன்டர்நெட் அரிதான எங்கள் துறைமுக ஊர் சியென்ஃபுவேகோஸில், தெருவுக்கு வைரஸ் இன்டர்நெட்டில் வருவதில்லை. சைக்கிளில் வருகிறது.

பதினைந்து வயது நிறையும் விழாவுக்காகப் பெண்களைப் படமெடுத்து ஆல்பம் போடுவது செனைடாவின் தொழில். ஒரு நாள் கவுனுக்காக அப்பனும் ஆத்தாளும் இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டுவார்கள். அந்தப் படம் கெட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. ஆகவே வாசலில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். யாருடைய டிஸ்க்கானாலும் முதலில் அதில் சோதனை. பிறகுதான் வீட்டுக்குள் பேச்சு.

"என்னோடது சுத்தம்க்கா" என்பான் பொட்டலம் கொண்டுவரும் வழுக்கைத்தலை ஒஸ்மெல்.

"போன வாரமும் இதையேதான் சொன்ன. ஒன்பது வைரஸ். டிஸ்க்கைக் குளிப்பாட்டு, அப்படியே நீயும் குளி."

துறைமுகச் சங்கத்தில் முப்பது வருஷம் கிடந்தவன் நான். துண்டறிக்கையோடு போன என் டிஸ்க்கையும் அவள் விடவில்லை.

"தோழரே, உங்க துண்டறிக்கைய வைரஸ் மட்டுந்தான் ஆர்வமா படிக்குது. எடுத்துட்டுப் போங்க."

போன மே மாதம் ஒரு புதன்கிழமை. தயாமி என்ற பெண்ணின் விழாவுக்கு மூன்று நாள் பாக்கி. விழாவில் காட்டுவதற்காக முன்கூட்டியே படமெடுத்து, கேமரா கார்டை அழித்தாயிற்று. படங்கள் உள்ளறைக் கம்ப்யூட்டரில் மட்டும். பெண்ணின் அம்மா இரேலா ஆசையாகப் பார்க்க வந்திருந்தாள். செனைடா திறந்தாள். ஃபோல்டர்கள் எல்லாம் போய், அந்தந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்.

"எம் பொண்ணு எங்க?"

"உள்ளதான் இருக்கா. உக்காரு."

"எங்க இருக்கா? எனக்கு அம்புக்குறிதான் தெரியுது!"

செனைடா வாசலில் நின்ற ஒஸ்மெல் மேல் பாய்ந்தாள். அவன் அசரவில்லை.

"என் டிஸ்க்கு வாசலத் தாண்டுனதே இல்லையேக்கா. உன் கழுத்துல தொங்குதே, அது என்ன?"

பென் டிரைவ். வைரஸைக் கொல்லும் மருந்துக்குப் புது அப்டேட்டும் எங்களுக்குப் பொட்டலத்தில்தான் வரும். வாசல் கம்ப்யூட்டரிலிருந்து அதை அந்த டிரைவில் ஏற்றி வாராவாரம் உள்ளே கொண்டுபோவது அவள்தான். ஊரையே சோதித்தவள் தன் கழுத்தைச் சோதிக்கவில்லை.

செனைடா அந்த டிரைவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் போட்டாள்.

"ஒருத்தரும் எதையும் தொடாதீங்க! ஒஸ்மெல், உன் பழைய மருந்து சிடி இருக்கா? ஓடு!"

எழுதி முடித்த சிடியில் வைரஸ் ஏற முடியாது. அதைப் போட்டாள், வைரஸ் செத்தது. அந்த ரகம் ஃபோல்டரை அழிப்பதில்லை, ஒளித்து வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நாலு வரி கட்டளை தட்டினாள். அம்புகள் போயின. கவுனும் கிரீடமுமாகத் தயாமி வந்து நின்றாள்.

"எண்ணிப் பாருக்கா. ஒண்ணு கொறஞ்சாலும் நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்" என்றாள் இரேலா.

எண்ணினார்கள். எடுத்தது எத்தனையோ அத்தனையும் இருந்தது: 236.