சைகல் ஊற்றிய மூன்றாவது கோப்பை

நாரின் நகரப் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் பதினோரு வருடமாகத் தேநீர் ஊற்றுகிறவள் சைகல். வயது முப்பத்துநான்கு. எழுத வராது, மணி பார்க்க வராது. ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லி, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தால் எல்லாம் நடக்கும். கடைக்காரி புருலாய் இதை எந்தப் பயிற்சிக்கும் போகாமல் கண்டுபிடித்தவள். பயிற்சி பெற்றவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை.

எங்கள் ஊரில் பாதிக் கோப்பை ஊற்றினால் 'இருங்கள்'. விளிம்பு வரை ஊற்றினால் 'கிளம்புங்கள்'.

யாரோ இரக்கப்பட்டு மனுப் போட்டுவிட்டார்கள்: பாவம், அந்தப் பெண்ணைச் சுடுதண்ணீரில் வேலை வாங்குகிறார்கள் என்று. விசாரிக்க அதிகாரி கதிராலி வந்தார். 'தகுதியில்லை' என்று அவர் எழுதினால் சைகல் தன் அண்ணன் வீட்டு ஜன்னலோரம் உட்கார வேண்டியதுதான்.

"நாம பேசுறது இவளுக்குப் புரியுமா?" என்று புருலாயைக் கேட்டார்.

"பக்கத்துலதானே நிக்கிறா. அவளையே கேளுங்க."

"பேரென்ன, வயசென்ன, வேலை பிடிச்சிருக்கா, சுடுதண்ணி பயமில்லையா?"

சைகல் வாயைத் திறப்பதற்குள் 'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு கோப்பை தேநீரைக் குடித்தபடி, இத்தகையவர்களின் கண்ணியம் பற்றி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"வீட்ல நிம்மதியா இருக்கட்டுமே. ஒரு பொம்மை கிம்மை வாங்கிக் குடுங்க."

மூன்றாவது கோப்பையைச் சைகல் நிதானமாக, விளிம்பு வரை நிரப்பி, இரண்டு கையாலும் அவர் முன் வைத்தாள். பக்கத்து மேசை லாரி ஓட்டுநருக்குப் புரையேறியது.

"பாத்தீங்களா? அளவே தெரியல!"

"பதினோரு வருஷத்துல அவ இப்படி ஊத்துறது ரெண்டாவது தடவைண்ணே," என்றாள் புருலாய். "மொதல்ல ஊத்தினது என் வீட்டுக்காரருக்கு. அன்னைக்குக் கெளம்பினவரு, இன்னும் திரும்பல."

கடையே சிரித்தது. கதிராலியின் பேனா நின்றது. அவளுக்கு அளவு தெரியாது என்றால், கடையே எதற்குச் சிரிக்கிறது? தெரியும் என்றால், 'தகுதியில்லை' என்று எப்படி எழுதுவது?

அந்த இடைவெளியில்தான் சைகலுக்கு நேரம் கிடைத்தது.

"சைகல். முப்பத்திநாலு. பிடிச்சிருக்கு. பயமில்ல," என்றாள், கேட்ட வரிசையிலேயே. கொஞ்சம் யோசித்து, "டீ ஆறுது," என்றும் சேர்த்தாள்.

அவர் நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்து முடித்தார். 'வேலைக்குத் தகுதி உண்டு' என்று எழுதினார். 'மரியாதை போதாது' என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதை ஓரத்தில் நெருக்கி எழுதிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

சைகல் கோப்பையைக் கழுவக் கொண்டுபோனாள்.