மஞ்சள் பலகைகளைக் கடலில் விட்டவர்

குளச்சல் துறைமுகத்துக்கு அடிக்கடி வந்த அந்த மீன் ஆராய்ச்சிப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், காதில் எப்போதும் ஒரு பென்சில். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் "எங்க?" என்றுதான் கேட்பார்.

மீன் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று அறிய, எண் எழுதிய மஞ்சள் பலகைத் துண்டுகளை அவர் கடலில் மிதக்க விட்டிருந்தார். ஒருநாள் என் வள்ளத்துக்குப் பக்கத்தில் பதினொரு துண்டுகள் கூட்டமாக மிதந்தன. வீணாகிவிடுமே என்று ஒன்றுவிடாமல் பொறுக்கி, கரைக்கு வந்து பெருமையாக அவரிடம் நீட்டினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "ஐயோ அண்ணே, அது தானா எங்க போவுதுண்ணு பாக்கத்தானே விட்டேன்! சரி, எங்க எடுத்தீங்க?"

எஞ்சினை நிறுத்தும் இடத்தையெல்லாம் ஜிபிஎஸ்ஸில் குறித்துவைப்பது என் வழக்கம். காட்டினேன். பென்சில் காதிலிருந்து இறங்கியது.

"முட்டத்துக்குத் தெக்க விட்டது இங்க வந்து கூடுது. குஞ்சும் இப்படித்தான் வரும்."

"அது நான் வலை போடுற எடமாக்கும். இனி போடப்பிடாதுண்ணு சொல்லுவீங்க, இல்லியா?"

"எங்க கூடுதுண்ணு நான் சொல்லியாச்சு. என்ன செய்யணும்ணு நீங்க சொல்லுங்க." பலகைகளைத் திருப்பித் தந்தார். "எடுத்த எடத்துலயே விட்டிருங்க."

மறுநாள் விட்டேன். சுற்றிலும் பொடிமீன் மினுங்கியது. வலையை இறக்காமல் வள்ளத்தைத் திருப்பினேன். வேண்டாம் என்று சொல்லாத ஒருவருக்கு நான் ஏன் கட்டுப்பட்டேன் என்பது இன்றும் பிடிபடவில்லை.

இப்போது யாராவது பொடிமீனை அள்ளி வந்தால், நான்தான் முதலில் கேட்கிறேன்: "எங்க?"