தம்மாமில் தொடங்கி என் வீட்டில் முடிந்த இத்தா

என் பிள்ளையின் வாப்பா மௌத்தான செய்தி வந்தபோது நான் அரபு நாட்டில், தம்மாமில் ஒரு வீட்டுக் குசினியில் நின்று கோழி கழுவிக்கொண்டிருந்தேன். போன் எடுத்தது என் தம்பி நிஸார். எப்போதும் "ராத்தா, சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்குவான். அன்றைக்கு ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"ஒரு பக்கம் குந்து ராத்தா" என்றான்.

"ஏன்டா? பிள்ளைக்கு ஏதுமா?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்ல. நீ குந்து மொதல்ல. மச்சான் கரையில வலை இழுத்துக்கொண்டு நிண்டவர். நெஞ்சப் பொத்திக்கிட்டு மணல்ல இருந்திட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே முடிஞ்சிட்டு."

கோழி கையில் இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் வரும் வரைக்கும் வெச்சிருப்பீங்களா?"

"எப்ப வருவாய் ராத்தா?"

அன்றைக்குப் பின்னேரமே, அஸர் தொழுகையோடு அடக்கிவிட்டார்கள்.

வாசிக்கிற சகோதரிகளே, உங்களுக்கு என் ஸலாம். வெளிநாடு போகாதவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். அந்த நாட்டில் வீட்டு வேலைக்குப் போன பெண் தன் விருப்பத்துக்கு ஊர் வர முடியாது. நம்முடைய விசா வீட்டுக்காரரின் பெயரில்தான் இருக்கும். அவர் வெளியேற அனுமதி எடுத்துத் தர வேண்டும். அதை அங்கே குரூஜ் என்பார்கள். நாங்கள் பாபா என்று கூப்பிடுகிற வீட்டுக்காரரின் இரும்பு அலுமாரிக்குள் என் பாஸ்போட் கிடந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் முக்கால் வருஷம் இருந்தது.

மேடம் கெட்டவர் இல்லை. செய்தி கேட்டதும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றைக்குக் கோழியை அவரே சமைத்தார். ஆனால் ஊர் போகவேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது. புது ஆளுக்கு விசா எடுக்க மாதக்கணக்காகும், அதுவரை சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்றார். பாபாவிடம் கேட்டால் "பார்ப்போம்" என்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஒரு சொல்தான்.

நிஸார் கல்முனையில் என்னை அனுப்பிய ஏஜென்சிக்கு அலைந்தான். "முதலாளி விட்டாத்தான் வரலாமாம் ராத்தா. ஓடிப்போக மட்டும் நினைக்காத. ஓடிட்டாள் என்டு அவங்க பதிஞ்சா, மறுகா உனக்கு ஜெயில்தானாம்" என்றான். போனை வைத்துவிட்டு அவன் அழுதிருப்பான். எனக்குத் தெரியும்.

பிறகு மேடத்துக்குப் புதிதாக ஒரு கதை கிடைத்தது: இத்தா, புருஷன் மௌத்தான பெண் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். அரபியில் அவர்கள் பேசியதை நான் என் பேச்சிலேயே எழுதுகிறேன். "நீ இத்தாவில இருக்கிற பொம்புள. பயணம் போறது கூடாது. வாசலத் தாண்டாம இங்கயே இரு. கடைக்கும் உன்ன அனுப்பல்லதானே?" என்றார். மார்க்கத்தைச் சொன்னால் எனக்கு வாய் அடைத்துப் போகும். நான் ஓதிப் படித்தவள் இல்லை. உண்மையாக இருக்கும் என்று நம்பினேன்.

எங்கள் பக்கத்தில் இத்தா எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரான சாய்ந்தமருதில் வீடு பெண்ணுக்குத்தான். என் உம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டுக்குத்தான் அவர் மாப்பிள்ளையாக வந்தார். அங்கே இருந்திருந்தால் ஓர் அறைக்குச் சீலை தொங்கவிட்டிருப்பார்கள். நாலு மாதமும் பத்து நாளும் ஒரு கோப்பையைக்கூடத் தூக்க விடமாட்டார்கள். பெண்கள் வந்து பக்கத்தில் குந்துவார்கள். கதைப்பார்கள், கூடச் சேர்ந்து அழுவார்கள். நானோ வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக் குளியலறையைத் தேய்த்தேன். அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாதவள், காலையில் பாபாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டு வைப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உடுப்புக் கழுவுகிற அறையில்தான் தொழுவேன். மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தில் நான் அழுவது யாருக்கும் கேட்காது. செய்தி வந்த அன்றைக்கு, "யா அல்லாஹ், அந்த முகத்தை ஒருதரம் காட்டு" என்று கேட்டேன். அடக்கிவிட்டார்கள் என்று தெரிந்தும் அதைத்தான் கேட்டேன். பைத்தியம் மாதிரி. பிறகு கேட்பது சுருங்கிவிட்டது. "என்ன என்ட வீட்டுல இருத்து. என்ட பிள்ளைக்குப் பக்கத்தில இருத்து." வேறொன்றும் வாயில் வரவில்லை. பல நாள் அதுவும் வரவில்லை. நெற்றியை நிலத்தில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தேன்.

அந்த வீட்டின் மேல்தட்டில் பாபாவின் தங்கச்சி நூரா தன் கணவரோடு குடியிருந்தார். அந்தக் கணவருக்குத் தீராத நோய். நூரா பல மாதமாக ரியாத்தில் ஆஸ்பத்திரியோடு கிடந்தார். என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் கணவரின் ஜனாஸாவோடுதான் திரும்பி வந்தார்.

இப்போது ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதவைகள். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. மேலே இருப்பவருக்கு உதவிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அவருக்கு மெத்தை போட்டிருந்தார்கள். சாப்பாடு கைக்குப் போகும். சொந்தக்காரப் பெண்கள் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நான் கஹ்வா என்கிற அரபுக் கோப்பி ஊற்றினேன். அவர் அழும்போது நாலு பேர் முதுகைத் தடவினார்கள். கையில் கஹ்வாப் பாத்திரத்தோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வந்த பெண்கள் வெளி மண்டபத்தில் இருந்தார்கள். நூரா உள்ளறையில், கதவு திறந்திருந்தது. அங்கே விருந்தாளி எழும்பும் நேரம் சாம்பிராணிப் புகை காட்டி அனுப்புவது வழக்கம். அந்தச் சட்டியை ஒவ்வொருவரிடமும் கொண்டு போகச் சொல்லி மேடம் என் கையில் தந்தார். இத்தாவில் வாசனை கூடாது என்பது எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயத்தில் ஒன்று. மற்ற எல்லாம் என்னிடமிருந்து போய்விட்டது. இதையாவது என் பிள்ளையின் வாப்பாவுக்காகக் காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன்.

"என்ன, பாம்பா அது? எடு!" என்றார் மேடம்.

"எனக்கு வாசம் கூடாது மேடம்."

"நீ இங்க கோப்பை கழுவ வந்தியா, மார்க்கத்துக்குப் பத்வா சொல்ல வந்தியா?"

பெண்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து நூராவின் குரல் வந்தது. "அந்தப் பிள்ளைய இங்க அனுப்புங்க."

போனேன். "ஏன் உனக்கு வாசம் கூடாது?" என்று கேட்டார்.

"நானும் இத்தாதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வீட்டிலயா? எப்ப இருந்து?"

"நீங்க ரியாத்தில இருக்கக்குள்ள."

"உன்னோட இருந்து அழ யார் இருக்கிறா?"

இந்த ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. நூரா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மெத்தையிலேயே உட்கார வைத்தார். நான் அழுதேன். அவரும் அழுதார். யாருக்கு யார் அழுதோம் என்று தெரியாது.

மேடம் வாசலில் நின்று, "பயணம் கூடாது என்டுதானே வெச்சிருக்கம்" என்றார்.

நூரா திரும்பினார். "இத்தா அவட வீட்டுல இருக்கிறது. இது அவட வீடா? இது அவ வேலை செய்யிற இடம்."

பிறகு பாபாவைக் கூப்பிட்டார். பெண்கள் எல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். "தங்கச்சி இத்தா என்டு என்ட கதவத் தட்டாம நீ வாறல்ல. காலையில யார்ட கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சாய்? எனக்கு ஒரு இத்தா, இவளுக்கு வேற இத்தாவா?"

பாபா நிலத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அரசாங்கத்தின் ஆப்பைத் திறந்து விரலால் தட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் தட்டினார். "குரூஜ் எடுத்தாச்சு" என்றார்.

அவ்வளவுதான். நான் எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டு நின்றது அந்தப் போனுக்குள்தான் இருந்தது. செய்தி வந்த அன்றைக்கே அந்த விரல் அசைந்திருந்தால் என் மாப்பிள்ளையின் மையித்து முகத்தைப் பார்த்திருப்பேனோ இல்லையோ, என் பிள்ளை அத்தனை நாள் தனியாக அழுதிருக்க மாட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சொல்லும்போது நெஞ்சு எரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஊர் வந்தேன். நிஸார் அறைக்குச் சீலை கட்டி வைத்திருந்தான். மிச்ச இத்தாவை என் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சிக் கோப்பையோடு வந்து, "அழு கா. அங்க அழுகிறதுக்கும் லீவு தந்திருக்க மாட்டானுகள்" என்றாள். நான் அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டேன்.

என் மகள் ஸஹ்ராவுக்குப் பத்து வயது. என்னை ஒட்டிக்கொண்டே கிடந்தாள். ஒருநாள் கேட்டேன், "வாப்பாட முகம் எப்படி இருந்த மகள்?"

யோசித்தாள். "தாடிக்குள்ள மணல் இருந்திச்சி உம்மா. மாமா தொடைச்சார். நானும் தொடைச்சன்."

இப்போது வெளிநாட்டுக்குப் போக நிற்கும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். போகாதே என்று நான் யாரையும் மறிப்பதில்லை. வயிறு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. வீட்டில் ஒரு மௌத்து நடந்தால் எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்று ஏஜென்சியிடம் முதலில் கேள், பதிலை எழுதி வாங்கு என்கிறேன். நான் கேட்காமல் போனவள். ஐந்து நேரமும் நூராவுக்காகக் கையேந்துகிறேன். மேடத்துக்காகவும் கேட்கிறேன், அது கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் வருகிறது.

சகோதரிகளே, பூட்டிய வீட்டுக்குள் மெஷின் சத்தத்தில் கேட்டதையும் கேட்கிறவன் இருக்கிறான். வாயில் சொல் வராவிட்டாலும் நெற்றியை நிலத்தில் வையுங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்து என்று கேட்டேன், இருத்தினான். முகத்தைக் காட்டு என்று கேட்டது மட்டும் இந்த உலகத்தில் கிடைக்கவில்லை. கேட்ட எந்த துஆவும் வீணாகாது, இங்கே தராததை மறுமைக்கு எடுத்து வைப்பான் என்று எங்கள் பள்ளிவாசல் ஹஸரத் சொன்னார். அதனால் அந்த துஆவை நான் இன்னும் கைவிடவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அதையேதான் கேட்கிறேன்.