வளைவுக்குள் தெரிந்த வானம்

நூறு செங்கல்கூட ஆகியிருக்காது. பழவேற்காட்டில் எங்கள் குப்பத்தை ஒட்டிய சிறிய தேவாலயத்தின் உச்சித் திறப்பை ஒரே காலையில் அடைத்துவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம் அது. கூர்வளைவு சன்னல்கள், செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை, கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. கூரைக்கு மேலே மணி தொங்கவிட ஒரு சுவர், அதன் நடுவில் ஒடுங்கிய வளைவுத் திறப்பு. மணி விரிசல் விட்டதால் எப்போதோ இறக்கிவிட்டார்கள். டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் எட்டிப் பார்த்து, அழகு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெரியப்பாவுக்கு அது வழி. அவர் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனால் கடலிலிருந்து முகத்துவாரத்துக்குள் படகைத் திருப்பும்போது அந்தச் சுவரைத்தான் பார்ப்பார். சுவர் இரண்டடி கனம். நேரே வந்தால்தான் வளைவுக்குள் வானம் தெரியும். கொஞ்சம் விலகினாலும் மறைந்துவிடும். "ஓட்டைல வானம் தெரிஞ்சா கீழ ஆழம் இருக்குதுன்னு அர்த்தம். தெரியலன்னா மணல்திட்டு" என்பார். மற்ற படகுகள் அவர் பின்னால் வரும்.

அன்று விடியலில் அவர் கிளம்பும்போது திறப்பு இருந்தது. மதியம் திரும்பும்போது இல்லை. நான் கரையில் நின்றிருந்தேன். படகு நேராகத்தான் வந்தது. வானம் தெரியாததால் விலகிவிட்டோம் என்று எண்ணி இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம். அப்படித் தேடித் தேடியே மணல்திட்டில் ஏற்றிவிட்டார். அலை படகைப் பிளந்தது. படகிலிருந்த மூன்று பேரும் நீந்திக் கரையேறினார்கள்.

"புறா அடையுதுன்னு அடைச்சோம்மா. அது சும்மா அழகுக்கு வச்சதுதானே?" என்றார் சபைச் செயலாளர், கேட்கப் போன பெரியம்மாவிடம். அழகுக்காம்! இரண்டு தெரு தள்ளியிருந்த எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயா வலித்திருக்கும்? அவரையாவது விடலாம், தெரியாதவர். பெரியப்பாவின் பின்னாலேயே பத்திரமாக வந்து பிழைத்தவர்கள் பேசியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "கண்ணு போச்சு. செவுத்து மேல பழிய போடுறாரு" என்று சிரித்தார்கள். அதன்பின் எந்தப் படகிலும் அவர் கையில் சுக்கானைக் கொடுக்கவில்லை. கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்தே மிச்ச காலத்தைக் கழித்தார்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைக் கேட்டார்: "நான் நேராத்தானே வந்தேன்?"

"நேராத்தான் வந்தீங்க பெரியப்பா. நான் கரையில நின்னு பாத்தேன்."

மெல்லப் புரண்டு என் பக்கம் திரும்பினார்.

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா, கண்ணு?"